பினாங்கில் காட்டுயிர் பார்க்கப் போகிறவர்களுக்கு: இரண்டு தடவை போய்க் கற்றது

முதல் தடவை மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போய்த் திரும்பியபோது கேமராவில் 600 படங்கள் இருந்தன. பொள்ளாச்சியில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால் கண்ணில் நீர் வராத குறை. வலைக்குள் அடைத்த இருவாச்சி, கூண்டுத் தோட்டத்துப் பட்டாம்பூச்சி, தென் அமெரிக்காவிலிருந்து வந்த தூங்குமூஞ்சி மரம், என் வடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் குரங்கு. பினாங்குக் காட்டில் தானாகப் பிறந்து தானாகத் திரிவது என்று எண்ணினால் பத்துப் படம் தேறவில்லை. வால்பாறைப் பக்கம் வாரம் தவறாமல் பறவை பார்க்கப் போகிற எனக்கே இந்தக் கதி.

"காட்டுச் சவாரி" என்று சொல்லித் தலைக்கு 350 வெள்ளி வாங்கிய ஓர் ஆள் எங்களைக் கூண்டு வைத்த ஒரு இடம், ஒரு சாக்லேட் கடை, ஒரு தைலக் கடை என்று சுற்றிக் காட்டி, மாலை நாலு மணிக்கு விடுதி வாசலில் இறக்கிவிட்டதுதான் அந்தப் பயணத்தின் சிகரம். (ரிங்கிட்டை அங்கே தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். ஒரு வெள்ளிக்கு இருபது ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் என்று மனக்கணக்குப் போட்டால் பெரிய தப்பு வராது.)

இரண்டாம் தடவை தம்பியோடு ஐந்து நாள். அந்தச் சவாரிக்குக் கொடுத்த பணத்தைவிடக் குறைவாகவே நுழைவுக்கும் வண்டிக்கும் செலவானது. பார்த்ததோ பத்து மடங்கு. எப்படி என்பதைத்தான் வரிசையாகச் சொல்லப் போகிறேன்.

1. தாள் வேலையை முதலில் முடியுங்கள்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சுற்றுலாவுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம். 2023 டிசம்பர் 1 அன்று தொடங்கிய சலுகை, 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு போகிறவர்கள் டிக்கெட் போடும் முன் ஒருமுறை சரிபாருங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு விதி வேறு. எங்களைப் பார்த்துக் கிளம்பிவிடாதீர்கள்.

விசா இல்லை என்றதும் தாளே வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. கடவுச்சீட்டில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் முன்பதிவு, கைச்செலவுக்குப் பணம் இருப்பதற்கு ஏதாவது ஓர் அத்தாட்சி, இவை மூன்றையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். போனில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, வரிசையில் நின்றபடி சார்ஜ் தீர்ந்த போனைத் தட்டிக்கொண்டிருந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டை. 2024 ஜனவரி முதல் இது கட்டாயம். போய் இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது, ஒரு காசு கூட. தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் அரசுத் தளம் மாதிரியே உடுத்திக்கொண்ட தனியார் தளம். என் தம்பி அப்படி ஒன்றில் நாலாயிரம் ரூபாய்க்கு மேல் அழுதான். பணம் கேட்கிற பக்கம் வந்தால் அது மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளம் இல்லை. உடனே மூடிவிடுங்கள்.

வெளிநாட்டவருக்கு அறை ஒன்றுக்கு, இரவு ஒன்றுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி உண்டு. முன்பதிவு செய்தபோது கட்டிய தொகையில் அது பல சமயம் சேர்ந்திருக்காது. சாவி கொடுக்கும்போது கேட்பார்கள். ஏமாற்றுகிறார்களோ என்று சண்டை போடாதீர்கள், நான் போட்டேன்.

டிரோன் வேண்டாம். அனுமதி வாங்குகிற பாட்டுக்கு அந்த நேரத்தில் ஒரு மரத்தடியில் உட்காரலாம்.

2. மாதம்

ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு. செப்டம்பர் முதல் நவம்பர் வரை கொட்டும். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைப் பக்கம் சாலைகளை மூடிவிடுவார்கள். காவடி பார்க்கப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல நாள் இல்லை, குரங்கு பார்க்கப் போகிறவர்களுக்கு அதைவிட மோசமான நாளும் இல்லை. சீனப் புத்தாண்டு, மலேசியப் பள்ளி விடுமுறை, சனி, ஞாயிறு, இந்த நாட்களில் கொடிமலைக்கு ஏறும் ரயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் தொடங்கியது. அது கிடைத்தால் கோலாலம்பூரில் இறங்கி மாறுகிற அரை நாள் மிச்சம்.

3. கடிகாரத்தை நம்பாதீர்கள்

நம்மூரில் ஆறு மணிக்கு விடிந்துவிடும். அந்தப் பழக்கத்தில் முதல் தடவை ஐந்தரைக்கே எழுந்து, ஆறு மணிக்குத் தாவரவியல் பூங்கா வாசலில் போய் நின்றேன். கும்மிருட்டு. கொசு மட்டும் வந்து குசலம் விசாரித்தது. ஒரு மணி நேரம் கடிபட்டு, வெறுத்துப்போய், ஏழு மணிக்குத் திரும்பிவிட்டேன். நான் பேருந்து ஏறிய நேரத்தில்தான் காடு எழுந்திருக்கிறது.

மலேசியாவின் நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னால். ஆனால் பினாங்கு இருப்பது அந்த நாட்டின் மேற்கு ஓரம். அதனால் கடிகாரம் ஓடிவிடுகிறது, சூரியன் பின்தங்கி வருகிறது. வருடம் முழுக்க ஏழு மணிக்கும் ஏழரைக்கும் நடுவில்தான் விடியும். பறவைகளுக்கு நல்ல நேரம் ஏழேகால் முதல் ஒன்பதரை. அதற்கப்புறம் வெயில் ஏறி எல்லாம் அடங்கிவிடும். மறுபடி மாலை ஐந்து முதல் ஏழு. நடுப்பகலில் சாப்பிடுங்கள், தூங்குங்கள். நடுப்பகலில் காட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

4. எட்டு மலாய்ப் பெயர்களை மனப்பாடம் செய்யுங்கள்

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு வாடகைக் கார் அண்ணன். லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசைக்காரர். பிறந்தது வளர்ந்தது எல்லாம் பினாங்கு. நான் படப் புத்தகத்தை விரித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு அவரே பேச்சுக் கொடுத்தார்.

"என்னா தங்கச்சி, குரங்கு பாக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"கறுப்பாக, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்குமே, அந்தக் குரங்குண்ணா."

"அது குரங்கு இல்ல, லோத்தோங். குரங்குன்னு கேட்டா எல்லாரும் கெராவத்தான் காட்டுவாங்க. கெரா திருடன். லோத்தோங் மரியாதக்காரன்."

விஷயம் அவ்வளவுதான். காவலாளி, படகுக்காரர், தோட்டக்காரர் யாருக்கும் அறிவியல் பெயரோ ஆங்கிலப் பெயரோ உதவாது. லோத்தோங் என்றால் இலை தின்னும் கருமந்தி வகை. கெரா என்றால் நீண்ட வால் கொண்ட குரங்கு. குபோங் என்றால் மரத்துக்கு மரம் தோல் விரித்து மிதந்து போகும் கொலுகோ என்ற விலங்கு. எங்காங் இருவாச்சி. பியாவாக் உடும்பு. மெமெராங் நீர்நாய். பெரியோக் கெரா, அதாவது குரங்கின் பானை, பூச்சி தின்னும் குடுவைச் செடி. கொங்காங் தேவாங்கு. இந்த எட்டையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். காட்டிய இடத்தில் எல்லாம் யாராவது ஒருவர் விரலை நீட்டி வழி சொன்னார்.

5. முதல் நாள்: தண்ணீர்மலையும் தாவரவியல் பூங்காவும்

முதல் நாளே நீண்ட நடை வேண்டாம். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனிலிருந்து 10ஆம் எண் பேருந்து பூங்கா வரை போகிறது, ஆனால் அடிக்கடி இல்லை. விடியலில் போக, கிராப் என்ற செயலியில் கூப்பிடும் வாடகைக் காரே மேல். பேருந்தில் போனால் சரியான சில்லறை வேண்டும். பெட்டியில் போட்ட பணத்துக்கு மீதி வராது.

1884இல் அமைந்த இந்தப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. இதுதான் வசதி, இதுதான் பொறியும். பூங்கா என்பதால் உலகத்து மரம் எல்லாம் அங்கே நிற்கும். நாகலிங்க மரத்தைப் பார்த்ததும் நான் கும்பிடாத குறையாகப் படம் எடுத்தேன். அதுவும் தென் அமெரிக்காக்காரன்தான். சொந்த மண்ணின் மரங்களைப் பார்க்க வேண்டுமானால் புல்வெளியை விட்டு, ஓடையை ஒட்டிக் காட்டோரம் போங்கள். நம் ஏழிலைப்பாலைக்கு அங்கே பூலாய் என்று பெயர். ஒரு கணுவிலிருந்து வட்டமாகக் கிளம்பும் இலைகளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும். தீவுக்குப் பெயர் கொடுத்ததே பாக்கு மரம்தான், மலாயில் பினாங் என்றால் பாக்கு.

லோத்தோங்கை நான் முதலில் பார்த்தது இங்கேதான், காட்டோரத்து மரம் ஒன்றில், காலை ஏழேமுக்காலுக்கு. முதலில் கிளை ஆடும், அப்புறம் பாதி தின்ற இலை விழும், அதற்கப்புறம்தான் ஆள் தெரியும். கண்ணாடி போட்ட தமிழாசிரியர் மாதிரி மேலிருந்து நம்மை மதிப்பிடும். குட்டி இருந்தால் தவறவிடவே முடியாது, பளீரென்ற ஆரஞ்சு மஞ்சள் நிறம். கூட்டத்தைக் கண்டதும் பின்தொடர்ந்து ஓடாதீர்கள். நின்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டால் பத்து நிமிடத்தில் அவை நம்மை மறந்துவிடும். நாங்கள் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். ஒரு தாய், குட்டியை இன்னொரு பெண் குரங்கின் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனது.

கெராக்கள் விஷயத்தில் மட்டும் உஷார். கையில் தொங்கும் எந்தப் பையும் அவற்றுக்குச் சாப்பாட்டுப் பைதான். நம்ம மஞ்சப்பையையும் விடாது. எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் போட்டு மூடுங்கள். பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அதன் கணக்கில் அது சண்டைக்கு இழுப்பது. தீனி போடுவது சட்டப்படியும் தவறு.

பூங்காவிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயில். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். காலை வெயிலில் ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு, படியின் இரண்டு பக்கத்துக் காட்டையும் பொறுமையாகப் பார்த்தபடி இறங்குங்கள். இறங்கும்போது மரத்தின் உச்சி நம் கண்மட்டத்தில் இருக்கும். பறவை பார்க்கிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? துடுப்புவால் கரிச்சான் ஒன்று வாலில் இரண்டு கருப்புத் துடுப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு எங்கள் கூடவே இறங்கி வந்தது.

6. இரண்டாம் நாள்: கொடிமலை

புக்கிட் பெண்டேரா என்றும் பினாங்கு ஹில் என்றும் சொல்கிற இந்த மலைத்தொடரின் உச்சி 833 மீட்டர். சுற்றியுள்ள காடும் கடலோரமும் சேர்ந்து 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. ஆயர் ஈத்தாமில் உள்ள அடி நிலையத்துக்கு 204ஆம் எண் பேருந்து. ரயில் காலை ஆறரைக்கே ஓடத் தொடங்கிவிடும். போய்வர வெளிநாட்டவருக்கு 30 வெள்ளி, உள்ளூர்க்காரருக்கு அதில் பாதிக்கும் குறைவு. நாங்கள் தமிழ் பேசினால் உள்ளூர் கட்டணம் கிடைக்கும் என்று நினைத்தோம். அடையாள அட்டையைக் கேட்டார்கள்.

முதல் ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் ரயிலைப் பிடித்துவிடுங்கள். ஒன்பதரைக்கு மேல் கூட்டம் வந்துவிட்டால் ஏறவும் இறங்கவும் வரிசையிலேயே காலை போய்விடும்.

மேலே போனதும் எல்லாரும் வலது இடது பார்க்காமல் காட்சி மேடைக்கும் ஐஸ்கிரீமுக்கும் ஓடுவார்கள். நீங்கள் சாலையில் நடங்கள். காசு கட்ட வேண்டாத சாலைகளிலேயே லோத்தோங், கருப்பு நிற மலையணில் எல்லாம் உண்டு. கருப்பு மலையணில் நம் ஆனைமலையின் மலையணிலுக்குச் சொந்தக்காரன், அதே நீளம், அதே தாவல், நிறம் மட்டும் அமாவாசை.

தி ஹேபிடாட் என்ற தனியார் நடைபாதை மேலேயே இருக்கிறது, ஒன்பது மணிக்குத் திறக்கும். 1.6 கிலோமீட்டர் நீளப் பாதை, மர உச்சிகளுக்கு நடுவே 230 மீட்டர் தொங்கு நடைபாலம். கட்டணம் ரயிலைவிடக் கூடுதல். செடிகொடி பார்க்க ஆசை உள்ளவர்கள் தயங்காமல் கட்டலாம். பெயர்ப்பலகைகள் நன்றாக இருக்கின்றன, வழிகாட்டிகள் எரிச்சல் படாமல் பதில் சொல்கிறார்கள். பறவை மட்டும் போதும் என்றால் அந்தப் பணத்தில் மறுநாளும் ரயில் ஏறுங்கள்.

குடுவைச் செடிகளைத் தேடுகிறவர்கள் ஒரு வகையை மட்டும் நினைவில் வையுங்கள்: குடுவையின் வாய்க்குக் கீழே வெள்ளைப் பட்டை ஒன்று கட்டியதுபோல் இருக்கும். அந்தப் பட்டை கரையானுக்கு வைத்த தீனி. அதைக் கடிக்கக் கூட்டமாக வந்து கூட்டமாக உள்ளே விழும். பட்டை இல்லாமல் மொட்டையாக இருந்தால் விருந்து முடிந்துவிட்டது என்று அர்த்தம். பலகை வைத்து நட்ட குடுவைகளும் மலையில் இருக்கின்றன. கொடியாக மரத்தில் ஏறித் தானாகத் தொங்குகிறதா, தொட்டியில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் படம் எடுங்கள்.

கொலுகோ பார்க்க இரவு நடைக்கு முன்பதிவு வேண்டும். பகலில் அது மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடக்கும், அந்தி சாயும்போது தோலை விரித்து நூறு மீட்டருக்கு மேலும் மிதந்து போகும். எங்களுக்கு முதல் இரவு மழை, இரண்டாம் இரவு மூன்று வினாடி. தம்பி அந்த மூன்று வினாடியில் கொசு அடித்துக்கொண்டிருந்தான். டார்ச் கொண்டுபோனால் சிவப்புத் தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். பிளாஷ் வேண்டவே வேண்டாம். தேவாங்கு கண்ணில் பட்டால் தள்ளி நின்று பாருங்கள், பார்க்கத்தான் பொம்மை, கடியில் விஷம் உண்டு. அதைப் பார்த்த இடத்தை இணையத்தில் போடாமல் இருந்தால் இன்னும் நல்லது, பிடித்து விற்கிறவர்களும் அதைப் படிக்கிறார்கள்.

7. மூன்றாம் நாள்: தேசியப் பூங்கா

தீவின் வடமேற்கு மூலையில் தெலுக் பஹாங். துறைமுகப் பேருந்து நிலையத்திலிருந்து 101ஆம் எண் பேருந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இங்கே ஒரு தலைகீழ்ச் சிக்கல்: பூங்கா அலுவலகம் எட்டு மணிக்குத்தான் திறக்கும், பறவைகளின் நேரமோ ஏழேகால். நாங்கள் ஏழு மணிக்கே போய் ஊருக்குள் சாலையோரம் நின்றோம். அதே ஊரில்தான் சாலையைக் கடக்கும் லோத்தோங்குகள் வண்டியில் அடிபடாமலிருக்க, பழைய தீயணைப்புக் குழாய்களால் ஒரு கயிற்றுப்பாலம் கட்டியிருக்கிறார்கள். லங்கூர் புரொஜெக்ட் பினாங் என்ற குழு 2019இல் அமைத்தது. படகுத்துறைப் பக்கம் போனால் நீர்நாய்க் கூட்டம் தெரியலாம். காவிரியில் இருக்கிற அதே இனம்தான். எங்களுக்கு மூன்று தலைகள் தெரிந்தன.

நுழைவுக் கட்டணம் நாங்கள் போனபோது வெளிநாட்டவருக்கு 50 வெள்ளி. பழைய பயணக் குறிப்புகளில் இலவசம் என்று இருக்கும், நம்பி வெறும் கையோடு வந்த ஒரு குடும்பம் வாசலில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. கடவுச்சீட்டு நகல் ஒன்றைக் கொண்டுபோங்கள். பெயர், தொலைபேசி எண், எந்தப் பாதை எல்லாம் பதிவு செய்த பிறகே உள்ளே விடுவார்கள். திரும்பும்போதும் சொல்லிவிட்டு வாருங்கள்.

இரண்டு பாதைகள். ஒன்று கடலை ஒட்டிக் குரங்குக் கடற்கரைக்கு, இன்னொன்று காட்டுக்குள் ஏறி இறங்கி கெராச்சுட் கடற்கரைக்கு. இரண்டும் நம் நடைக்கு ஒன்றரை மணி நேரம். ஒன்றுதான் முடியும் என்றால் கெராச்சுட்டுக்குப் போங்கள். மரங்கள் பெரியவை, ஆட்கள் குறைவு, கடலோரத்தில் நன்னீர் மேலும் உப்புநீர் கீழுமாகக் கலக்காமல் நிற்கும் ஒரு ஏரி உண்டு. சில மாதம் அது வெறும் சேறாகக் கிடக்கும், ஏமாறாதீர்கள். மீன்வளத் துறையின் ஆமை பாதுகாப்பு மையமும் அங்கேதான். ஆமை முட்டையிடுவது இரவில், தங்க அனுமதி இல்லாமல் பார்க்க முடியாது. பகலில் தொட்டியில் குஞ்சுகள் இருந்தால் உங்கள் யோகம். கடலில் இறங்காதீர்கள், ஜெல்லிமீன் கொட்டும். பலகையே வைத்திருக்கிறார்கள்.

தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் குறையாமல் வேண்டும். உள்ளே கடை கிடையாது.

நடந்து போய், படகில் திரும்புவதுதான் நல்ல ஏற்பாடு. படகுக்கு இவ்வளவு என்றுதான் பேச வேண்டும், தலைக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொள்ளக் கூடாது. நாங்கள் இன்னொரு ஜோடியோடு சேர்ந்து 100 வெள்ளியைப் பங்கு போட்டுக்கொண்டோம். போகும்போதே பேசி முடியுங்கள். சோர்ந்துபோய்க் கரையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு விலை ஏறும். படகிலிருந்து வெண்வயிற்றுக் கடற்கழுகு பார்த்தோம், பாறையில் நீட்டிக் கிடந்த ஒரு பியாவாக்கை முதலை என்று தம்பி கத்தியதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

8. மிச்ச இரண்டு நாள்

புது இடம் தேடாதீர்கள். முதல் மூன்று நாளில் எது பிடித்ததோ அங்கேயே மறுபடி போங்கள். ஒரு நாள் மழைக்குப் போய்விடும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ராஃப்ளீசியா மலர் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், அது பினாங்கில் இல்லை, தீபகற்பத்தின் மலைக்காடுகளில், அதற்குத் தனிப் பயணம் வேண்டும்.

9. எதையும் எடுத்து வராதீர்கள்

செடி, விதை, ஆர்க்கிட் கிழங்கு, எதுவும். பினாங்கு மலையில் வளரும் செருப்பு ஆர்க்கிட் பன்னாட்டு வணிகம் தடை செய்யப்பட்ட இனம். குடுவைச் செடிக்கும் கட்டுப்பாடு உண்டு. சந்தையில் விற்கிறார்களே என்று வாங்கினாலும், தாவர நலச் சான்றும் இறக்குமதி அனுமதியும் இல்லாமல் சென்னையில் இறக்க முடியாது.

கெராச்சுட் மணலில் உருண்டையாக ஒரு விதையைப் பொறுக்கிப் பையில் போட்டேன். மலாய்க்காரர்கள் பெனாகா லாவூட் என்கிற மரம், தடித்த இலை, வெள்ளைப் பூ, கடலைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. அன்று மாலை கார் அண்ணனிடம் எடுத்துக் காட்டினேன்.

"இது எதுக்கு தங்கச்சி?"

"இந்த ஊர் மரமாச்சே அண்ணா. ஞாபகத்துக்கு."

அவர் உருட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எங்க தாத்தா நாகப்பட்டினத்திலேர்ந்து கப்பல் ஏறி வந்தவரு. இத புன்னைன்னுதான் சொல்வாரு. உங்க ஊரு கடற்கரையில இல்லாததா?"

மறுநாள் 101ஆம் எண் பேருந்தில் அதைத் திருப்பிக் கொண்டுபோய் தெலுக் பஹாங் கரையில் போட்டுவிட்டு வந்தேன்.